கிழங்கு மாவைக் கையில் எடுக்கும் முன்: தம்பின் வட்டாரப் பலகாரப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே,

தம்பினிலும் ரெப்பாவிலும் கெமெஞ்சேயிலும் கெமாசிலும் வீட்டு அடுப்பை நம்பி முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் செய்து விற்கும் உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். தீபாவளிக்கு ஆர்டர் எடுப்பவர்கள், பசார் மாலாமில் மேசை போடுபவர்கள், கோயில் திருவிழாவுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பவர்கள், யாரையும் விடவில்லை. கொஞ்ச நாளாக உங்களில் பலர் கிழங்கு மாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மாவு வேண்டுமாம். ஊதா நிறப் பலகாரத்துக்குப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களாம். ‘இனிப்புநீருக்கு நல்லது’ என்று எழுதி ஒட்டினால் பாக்கெட்டுக்கு இரண்டு வெள்ளி கூடக் கிடைக்கும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் என் ஆதரவு முழுக்க உண்டு. மூன்றாவதைச் செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன், வீட்டுப் பெரியவர்களின் முகச்சுளிப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். கிழங்கு மாவு என்றதும், “அது ஜப்பான்காரன் காலத்துச் சாப்பாடு, அதை ஏன் மறுபடியும் வீட்டுக்குள்ளே கொண்டு வர்றே?” என்று கேட்கிற பாட்டிகள் நம் வட்டாரத்தில் நிறைய. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1942 ஜனவரி 14ஆம் தேதி கெமெஞ்சே பாலத்தை ஆஸ்திரேலியப் படை தகர்த்து, சைக்கிளில் வந்த ஜப்பானியரை வழிமறித்துத் தாக்கியது. ஆனாலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் சிங்கப்பூரும் விழுந்துவிட்டது. அன்றைக்கு மலாயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கப்பல் நின்றது, அரிசி நின்றது. ரப்பரை வாங்க ஆளில்லாமல் பால்வெட்டும் நின்றது. ஆம்பிளைகள் பலரைச் சயாம் மரண ரயில் கொண்டு போனது. லயத்தைச் சுற்றி எங்கே மண் கிடைத்ததோ அங்கெல்லாம் மரவள்ளிக் குச்சியை ஊன்றினார்கள். வேகவைத்துத் தின்றார்கள், காயவைத்து இடித்து மாவாக்கினார்கள், இலையையும் விடவில்லை.

மரவள்ளி பசியை அடக்கியது, உடம்பைக் கட்டவில்லை. 100 கிராம் பச்சைக் கிழங்கில் புரதம் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. பருப்பு இல்லை, கருவாடு இல்லை, எண்ணெய் இல்லை என்றாகி, கிழங்கு மட்டுமே மூன்று வேளையும் தட்டில் விழுந்தபோது கால் வீங்கியது, புண் ஆறவில்லை, பிள்ளைகள் செத்தார்கள். அந்த நினைவுதான் பாட்டி முகத்தைத் திருப்ப வைக்கிறது. போர் செய்த கொடுமையைக் கிழங்கின் தலையில் கட்டவும் கூடாது, பாட்டியின் நினைவை அலட்சியம் செய்யவும் கூடாது. கிழங்கு தனியாக நின்றால் சத்துணவு ஆகாது என்பதை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் முன்னால் நம் லயத்துச் சனம் உடம்பால் கண்டுகொண்டது.

இந்த மண்ணுக்குக் கிழங்கு புதிதும் அல்ல. பால்மரம் வருவதற்கு முன்பு மலாக்காவிலும் அதை ஒட்டிய நெகிரி நிலங்களிலும் சீன முதலாளிகள் காட்டை அழித்து மரவள்ளி போட்டார்கள். சில அறுவடைகளில் மண் சோர்ந்துவிடும்; லாலாங் புல்லுக்கு நிலத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் அசஹானிலும் ரப்பர் நட்ட தான் சாய் யான் அதற்கு முன்னால் மரவள்ளித் தோட்டக்காரர். நம் தாத்தாமார் பால்வெட்ட வந்து இறங்கிய நிலத்தில் ஒரு பகுதி, கிழங்கு பிடுங்கிய நிலம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நம்மில் பலருடைய பூட்டன்மார் கப்பலேறிய சேலம் ஜில்லாவில் அதே போர் வேறு வேலை செய்தது. அதுவரை மலாயாப் பக்கமிருந்து போய்க்கொண்டிருந்த ஜவ்வரிசி நின்றதும், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலாயாவில் இந்தத் தொழிலை அறிந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து 1943 வாக்கில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார். அது ஊர் ஊராகப் பரவி, 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமாகி, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தம்பினில் அவமானமாக நினைவில் தங்கிய அதே கிழங்கு சேலத்தில் பிழைப்பானது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, அடுப்படிக்கு வருவோம். கிழங்கு மாவு என்று ஒரே பெயரில் பேசுவதுதான் நம் முதல் சிக்கல். மரவள்ளி ஒரு சாதி, வள்ளிக்கிழங்குக் கொடி வேறு சாதி, இங்கே கெலாடி என்கிற சேம்பு மூன்றாவது. வள்ளிக்குள்ளேயே பெருவள்ளி உண்டு. யாழ்ப்பாணத்தார் அதன் ஊதா வகையை இராசவள்ளி என்பார்கள், மலாய்க்காரர்களிடம் அது ஊபி பாடாக். கொத்தாகக் காய்க்கும் சிறுவள்ளியும் உண்டு, அது ஊபி தோராக். ஊதா வகையைத் தவிர மற்றவற்றை மாவாக அரைத்துவிட்டால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெள்ளைதான். ஆனால் வெந்நீர் பட்டதும் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டிவிடும்.

மரவள்ளி மாவு சீக்கிரம் வேகும். கண்ணாடி போலத் தெளிந்து, இழுத்தால் நீளும். பிங்கா ஊபி போன்ற குவே வகைகளுக்கும் வடாமுக்கும் அதை விட்டால் ஆளில்லை. ஆனால் அடுப்பில் வைத்து ரொம்ப நேரம் கிளறினால் குழம்பு தண்ணீராக இளகிவிடும். பெருவள்ளி மாவு அதற்கு நேர் எதிர். வேகவே 75 பாகைக்கு மேல் சூடு வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்தால் மணல் மாதிரிதான் நிற்கும். கொதிநீர் ஊற்றிப் பிசையுங்கள். வெந்த பிறகு எவ்வளவு கிளறினாலும் இளகாது, ஆறினால் கத்தியால் வெட்டுகிற அளவுக்கு இறுகும். மாச்சத்தில் அமைலோஸ் என்ற பகுதி பெருவள்ளியில் கூடுதல், நூற்றுக்கு 25 முதல் 30 வரை. மரவள்ளியில் அது பொதுவாகக் குறைவு. இறுகுவதும் இளகுவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். ஆகவே கொழுக்கட்டை மேல்மாவு, இடியப்பம், பிட்டு, இவற்றுக்குப் பெருவள்ளி ஏற்றது. சிறுவள்ளியில் அமைலோஸ் குறைவு, மாவு மணியும் சிறியது. அது மெத்தென்று வரும். கெலாடியின் மாவு மணி அதைவிடப் பொடி, சில மைக்ரான்தான். அதனால் கஞ்சிக்கும் கூழுக்கும் நாக்கில் தட்டாமல் வழுவழுவென்று அமையும்.

இவற்றில் எதிலும் கோதுமையின் பசையம் கிடையாது. ரொட்டி, பன் போன்றவை உப்பி எழ வேண்டும் என்றால் கிழங்கு மாவை மட்டும் நம்ப முடியாது. கோதுமையோடு பத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு பங்கு கலந்தால் எழும்; அதற்கு மேல் கலந்தால் அழுந்தும். முறுக்குக்கும் பத்துக்கு ஒரு பங்கு என்று தொடங்குங்கள். கிழங்கு மாவு அரிசி மாவைவிடத் தண்ணீரை நிறைய இழுக்கும், அதில் இருக்கிற இயற்கைச் சர்க்கரையால் எண்ணெயில் சீக்கிரம் சிவந்தும் போகும். தீயைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்னவர்களுக்காகச் செய்தால், கோதுமை பிசைந்த தட்டிலோ பொரித்த எண்ணெயிலோ இதைச் செய்யாதீர்கள்.

மாவு செய்யும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெருவள்ளியின் கொடி காய்ந்து இலை பழுத்த பிறகு தோண்டிய கிழங்குதான் மாவுக்கு ஆகும். இளங்கிழங்கில் தண்ணீர்தான் மிச்சம். தோலைச் சீவும்போது கை வழுக்கும், சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சீவிய கிழங்கைக் காற்றில் விட்டால் கண்ணெதிரே பழுப்பேறும். அதனால் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் உடனே போட வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வில்லையாக நறுக்கி, கொதிநீரில் சில நிமிடம் மட்டும் முக்கி எடுத்து, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். தம்பின் வெயிலை மட்டும் நம்பினால் மதியம் மூன்று மணி மழை வந்து கெடுத்துவிடும். 50, 60 பாகையில் ஓடுகிற உலர்த்தும் பெட்டி இருந்தால் நிம்மதி. வில்லையை இரண்டு விரலால் வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வறண்டு வெளுத்திருக்க வேண்டும். நடுவில் கண்ணாடி போன்ற கோடு தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அதை அரைத்தால் பூஞ்சைதான். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டுக்குள் வந்த மாவுதான் நம் ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கும். பூஞ்சை பிடித்ததைச் சலித்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், நஞ்சு மாவு முழுக்கப் பரவியிருக்கும். ஒரு கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய கால் கிலோ மாவு தேறும். விலை போடும்போது இந்தக் கணக்கை மறந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

பச்சையாகக் காயவைப்பதா, அவித்துக் காயவைப்பதா என்று கேட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்து வழக்கம் நல்ல பதில் தரும். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவு கூழைக் கெட்டியாக்கும், பிட்டாக அவியும். ஏற்கெனவே மாச்சத்து வெந்துவிட்ட புழுக்கொடியல் மாவு அப்படிக் கெட்டிப்படாது. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து அப்படியே சாப்பிடுவார்கள். நைஜீரியாவின் யொரூபா மக்களும் வள்ளிக்கிழங்கை அரைவேக்காடாக்கி உலர்த்தித்தான் எலுபோ மாவு செய்கிறார்கள், அதைக் கொதிநீரில் கிளறி அமாலா என்ற பழுப்புக் களி செய்கிறார்கள். உலகத்து வள்ளிக்கிழங்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவில்தான் விளைகிறது, அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் கெட்டிப்படுத்தும் மாவு வேண்டுமென்றால் முக்கி எடுப்பதோடு நிறுத்துங்கள். உடனடிக் கஞ்சி மாவு வேண்டுமென்றால் நன்றாக அவித்துக் காயவையுங்கள்.

இராசவள்ளியின் ஊதா நிறம் உங்களுக்கு நல்ல வியாபாரம். அந்த நிறம் அந்தோசயனின். நாவல் பழத்தில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். ஆனால் அது புளிப்பைக் கண்டால் ஒரு மாதிரி, காரத்தைக் கண்டால் இன்னொரு மாதிரி மாறும். ஆப்பசோடா போட்ட மாவில் ஊதா நீலமாகி, சில சமயம் பச்சையாகவே போய்விடும். பலகாரம் கெட்டுவிட்டதோ என்று வாங்குபவர் பயப்படுவார். அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அதே மாவு இளஞ்சிவப்பாகத் திரும்பும். சோடா தேவைப்படாத கொழுக்கட்டை, களி, பால்கஞ்சி, இவற்றில் நிறம் அழகாக நிற்கும். யாழ்ப்பாணத்தில் இராசவள்ளியைத் தேங்காய்ப்பாலில் கரைத்துக் காய்ச்சுகிற கூழை ஒரு முறை செய்து பாருங்கள், வேறு எந்தச் சாயமும் வேண்டாம்.

இப்போது சத்து. 100 கிராம் பச்சை வள்ளிக்கிழங்கில் மாவுச்சத்து 28 கிராம், நார்ச்சத்து 4 கிராம், புரதம் ஒன்றரை கிராம், பொட்டாசியம் 800 மில்லிகிராமுக்கு மேல். மாவானதும் இவை எல்லாம் செறியும். மாவில் புரதம் நூற்றுக்கு ஐந்து போல நிற்கும்; கோதுமையில் அது பத்து. வைட்டமின் சி பெரும்பகுதி காயும்போதும் வேகும்போதும் போய்விடும், அதைச் சொல்லி விற்காதீர்கள். நார்ச்சத்து நிற்கும், பொட்டாசியம் நிற்கும். புரதக் குறையை நம் சமையலே தீர்த்து வைத்திருக்கிறது: முறுக்கில் உளுந்து, நெய்யுருண்டையில் பயற்றம் மாவு, அடையில் கடலைப்பருப்பு. கிழங்கு மாவை எப்போதும் பருப்போடு சேர்த்துச் செய்யுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் தட்டில் இல்லாமல் போனது அதுதானே.

இனிப்புநீருக்கு வருகிறேன். 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியர்களில் அது 31 விழுக்காட்டுக்கு மேல், எல்லா இனத்தவரையும்விட அதிகம். நம்மவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! ஒவ்வொரு வீட்டிலும் ஊசியோ மாத்திரையோ இருக்கிறது, கால் எடுத்த அண்ணன் ஒருவராவது ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார். அவர்களிடம் போய் ‘கிழங்கு மாவு சாப்பிட்டால் சர்க்கரை குறையும்’ என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. வள்ளிக்கிழங்கின் பச்சை மாச்சத்து குடலில் லேசில் செரிக்காது என்பது உண்மை. ஆனால் யாரும் அதைப் பச்சையாகத் தின்பதில்லை. வேகவைத்ததும் அது செரிக்கும், ஆறவைத்தால் ஒரு பகுதி மறுபடி செரிக்காததாகத் திரும்பும், அரைத்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினால் முழுக் கிழங்கைவிட வேகமாகவே இரத்தத்தில் ஏறும். இதோடு சர்க்கரைப் பாகைச் சேர்த்துவிட்டு ‘டயபெட்டிக்காரர்களுக்கு’ என்று ஒட்டுவது அநியாயம். சட்டமும் விடாது: 1985ஆம் ஆண்டு உணவு விதிகள் உணவுச் சீட்டில் நோய் தீர்க்கும் என்ற வாசகத்துக்கு இடம் தரவில்லை, 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமும் இனிப்புநீரைப் பெயர் சொல்லியே தடுக்கிறது.

வள்ளிக்கிழங்கு பெண்களின் ஹார்மோனைக் கூட்டும் என்றும் ஒரு பேச்சு சுற்றுகிறது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலர் மெக்சிகோவின் ஒரு காட்டுவள்ளியிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, அதை ஆய்வுக்கூடத்தில் ஹார்மோனாக மாற்றினார். அந்த மாற்றம் நம் உடம்பில் நடக்காது. அதையும் சீட்டில் எழுத வேண்டாம்.

பொட்டாசியத்தை நல்லது என்று சொன்னேன். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. டயாலிசிஸ் போகிறவர் யாராவது உங்களிடம் கிழங்கு மாவுப் பலகாரம் கேட்டால், முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு ஆர்டர் போனால் போகட்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கெலாடியையும் சேனையையும் பார்த்துச் சாப்பிட வேண்டும். நாக்கை அரிக்க வைக்கிற ஆக்சலேட் ஊசிகள் இவற்றில் இருக்கின்றன. புளி சேர்த்தால் அரிப்பு அடங்குமே தவிர, ஆக்சலேட் முழுதும் போவதில்லை.

இரண்டு கிழங்குகளை வீட்டில் மாவாக்கி விற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று ஊபி காடோங் என்ற காட்டுவள்ளி. ஓராங் அஸ்லி மக்களும் கம்போங் மூத்தோரும் அதை நறுக்கி, ஓடும் ஆற்றில் நாள்கணக்கில் ஊறவிட்டுத்தான் தின்றார்கள். அதிலுள்ள டயோஸ்கோரின் நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். அந்தக் கைப்பழக்கம் நமக்கு இல்லை. மற்றது, வருத்தத்தோடு சொல்கிறேன், மரவள்ளி. அதைச் சயனைடு இல்லாமல் ஆக்க, துருவி, ஈரத்தோடு பல மணி நேரம் விட்டு, பிழிந்து, பிறகு காயவைக்க வேண்டும். வில்லையாக நறுக்கி வெயிலில் போட்டால் போதாது. உலக உணவுத் தரப்படி மரவள்ளி மாவில் ஒரு கிலோவுக்குச் சயனைடு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீட்டில் அதை அளக்க வழியில்லை, எந்தக் குச்சி கசப்பு இனம் என்று பார்வையிலும் தெரியாது. மரவள்ளி மாவு வேண்டுமென்றால் ஆலையில் செய்து பாக்கெட்டில் வருவதை வாங்குங்கள். சாப்பாட்டுக்கு வேகவைக்கிற கிழங்கு வேறு கணக்கு: தோலை ஆழமாகச் சீவி, தண்ணீரில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும்.

ஆக உங்கள் கைக்கு ஏற்றது பெருவள்ளியும் சிறுவள்ளியும்தான். வேலியோரத்தில், பந்தலில், பழைய கம்பியில் ஏற்றிவிட்டால் கொடி தானே படரும். செம்பனைத் தோட்டத்து வீடுகளில்கூட அதற்கு இடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பெருவள்ளியில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ சில்பா, சிறுவள்ளியில் ஸ்ரீ லதா என்று நல்ல இனங்களை எடுத்துத் தந்திருக்கிறது. அவை இங்கே கிடைக்காவிட்டால் பக்கத்துக் கம்போங்கில் கேளுங்கள், கிழங்கின் தலைப்பகுதியை நறுக்கிக் கொடுப்பார்கள், அதுதான் விதை. நெல்லையிலும் குமரியிலும் பொங்கல் படையலில் வள்ளியும் சேம்பும் சேனையும் வரிசையாக வைப்பார்கள். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நம் வட்டாரத்திலும் இருந்தால் அவர்களிடம் வேகவைக்கும் பக்குவம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தீபாவளி வருவது மழைக்காலத்தில். ஆகவே மாவை ஜூன், ஜூலை வெயிலிலேயே செய்து, காற்றுப்புகாத டின்னில் அடைத்து, செய்த தேதியை எழுதி வையுங்கள். முதல் வருடம் ஒரே ஒரு பலகாரத்தில் கலந்து பாருங்கள், வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கொடுத்துக் கேளுங்கள். விற்கிற பாக்கெட்டில் எந்தக் கிழங்கு, எத்தனை பங்கு, வேறு என்ன மாவு என்று தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். மாவு வெளுப்பாக இருக்க சல்பைட் சேர்த்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது.

அன்புடன்,
தம்பினிலிருந்து உங்கள் ஊர்க்காரி